உங்களுக்கு நேட்டிவ் எது?

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு பெரம்பூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். மாடிப் போர்ஷன். அட்வான்ஸ் எவ்வளவு, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள், வண்டியை எங்கே நிறுத்துவது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்கார அம்மா கேட்டார்: “தம்பிக்கு நேட்டிவ் எது?”

“மெட்ராஸ்தாங்க. எழும்பூர் ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன்.”

“அது சரி. நேட்டிவ் எதுன்னு கேட்டேன்.”

ஆங்கில அகராதியைப் புரட்டினால் என் பதில்தான் சரி. ‘நேட்டிவ்’ என்றால் ஓர் இடத்தில் பிறந்தவர். ஆனால் பெரம்பூரில் அந்த அகராதி செல்லாது. அப்பாவைப் பெற்ற தாத்தாவின் ஊரைச் சொன்னேன். மொத்தமாக நாலைந்து தடவைதான் அங்கே போயிருப்பேன். அம்மாவுக்குத் திருப்தி. உடனே இன்னொரு கேள்வி கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

லத்தீனில் ‘நாட்டுஸ்’ என்றால் பிறந்த. அதிலிருந்து ‘நாட்டிவுஸ்’, பிரெஞ்சு வழியாக ஆங்கில ‘நேட்டிவ்’. இதே வேரில் முளைத்த உறவுக்காரர்கள் ஏராளம். நேஷன், நேச்சர் இரண்டும் அதன் பங்காளிகள். விவரம் தெரியாத வெள்ளந்தியைக் குறிக்கும் ‘நயீவ்’ அசலில் இதே சொல்தான். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புரண்டு வேறு உருவத்தில் வந்தது. பிறந்தபடியே இருப்பவன், ஊர் உலகம் அறியாதவன் என்று பொருள் நகர்ந்திருக்கிறது.

இது முதலில் நல்ல சொல்லாக இருந்து, வெள்ளைக்காரன் காலனி பிடித்த பிறகு வசைச்சொல்லாகக் கெட்டுப்போனது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இடைக்கால இங்கிலாந்தின் சட்ட ஏடுகளில் ‘நாட்டிவுஸ்’ என்றால் பிறவிப் பண்ணையாள். பண்ணையாருக்குக் கட்டுப்பட்ட தகப்பனுக்குப் பிறந்ததால் தானும் கட்டுப்பட்டவன். மண்ணை விட்டு நகர உரிமை இல்லாதவன். ஓடிப்போனவனைப் பிடித்து வந்து ஒப்படைக்கப் பண்ணையார் வாங்கும் நீதிமன்ற ஆணைக்கே ‘நாட்டிவோ ஹபெண்டோ’ என்று பெயர். ஆக, கப்பல் ஏறி இந்தியா வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, தன் சொந்த ஊரிலேயே இந்தச் சொல் ஏழையின் கழுத்தில்தான் கிடந்தது.

இந்தியாவுக்கு வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு 1833ஆம் ஆண்டின் சாசனச் சட்டத்தைப் பார்க்கலாம். அதன் 87ஆவது பிரிவு, மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் இவற்றைக் காரணம் காட்டி யாருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை மறுக்கப்படக் கூடாது என்றது. தாராளமான பிரிவு என்று அன்றைக்குப் பாராட்டப்பட்டது. நடைமுறையில் பெரிய பதவிகள் எதுவும் கைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது அதன் சொல்லாட்சியை. இந்தியரைக் குறிக்க அது ‘நேட்டிவ்’ என்கிறது. அரசரின் பிறவிக் குடிமகனைக் குறிக்க ‘நேச்சுரல் பார்ன்’ என்கிறது. நேட்டிவ், நேச்சுரல் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த சொற்கள். இரண்டுக்கும் பொருள் பிறப்புதான். ஆனால் ஒன்று ஆளப்படுகிறவனுக்கு, மற்றது ஆளுகிறவனுக்கு. இன்றைக்கும் அமெரிக்க அதிபராக வேண்டுமானால் ‘நேச்சுரல் பார்ன்’ குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசமைப்பு. ‘நேட்டிவ்’ என்று போட்டிருந்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று குழப்பம் வந்திருக்கும்.

அந்தக் குழப்பம் அங்கே நிஜமாகவே ஒருமுறை நடந்தது. 1840களிலும் 50களிலும் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களை எதிர்த்துக் கிளம்பிய கட்சி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘நேட்டிவ் அமெரிக்கன் பார்ட்டி’. இன்று அந்தச் சொற்றொடரைக் கேட்டால் செரோக்கி, நவாஹோ பழங்குடி மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தக் கட்சிக்காரர்களோ தாத்தனோ பூட்டனோ இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைப் புராட்டஸ்டண்டுகள். நாலு தலைமுறைக்கு முன் வந்தவன், நேற்று வந்தவனைப் பார்த்து “நான்தான் மண்ணின் மைந்தன்” என்று மீசை முறுக்குகிறான். நிஜமான மண்ணின் மைந்தர்களை அப்போது மேற்கே துரத்திக்கொண்டிருந்தார்கள். 1855இல் பெயரிலிருந்து ‘நேட்டிவ்’ கழன்று ‘அமெரிக்கன் பார்ட்டி’ ஆனது. அடுத்த ஆண்டு முன்னாள் அதிபர் மில்லர்ட் ஃபில்மோர் அதன் வேட்பாளராக நின்று தோற்றார். கட்சி கரைந்துபோனாலும் ‘நேட்டிவிசம்’ என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. வந்தேறி எதிர்ப்பு அரசியலுக்கு இன்றும் அதுதான் பெயர்.

நம் பக்கம் திரும்பினால், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தவர்கள் மெட்ராஸ் ‘நேட்டிவ்’ காலாட்படைச் சிப்பாய்கள். 1885இல்தான் பட்டாளப் பெயர்களிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். இடையில் 1870இல் ஒரு சட்டம், இந்தியாவில் நிரந்தரமாக வாழும் பெற்றோருக்கு இங்கே பிறந்து இங்கேயே நிலைத்தவர்களையும் ‘இந்திய நேட்டிவ்’ கணக்கில் சேர்த்தது. ஆங்கிலோ இந்தியர்களின் பாடுதான் திண்டாட்டம். வீட்டில் ஆங்கிலம், மேஜையில் முள்கரண்டி, கிளப்பில் இங்கிலீஷ் பாட்டு. அரசாங்கக் காகிதத்திலோ ‘சட்டப்படி நேட்டிவ்’. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும், தந்தைவழியில் ஐரோப்பிய வம்சாவளி உடைய ‘இந்திய நேட்டிவ்’ என்றே ஆங்கிலோ இந்தியருக்கு விளக்கம் தந்தது. சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு 366ஆவது பிரிவில் அதே விளக்கத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, இந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு ‘இந்தியாவில் குடியிருப்பு கொண்ட’ என்று மாற்றியது. ஒரு சொல்லைப் பிடிக்காமல் தூக்கி எறிந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நம்மவர்கள் இதைத் தமிழில் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது இன்னும் சுவையானது. நேட்டிவ் என்பதற்கு அந்தக் கால மொழிபெயர்ப்பு ‘சுதேசி’. நேட்டிவ் ஸ்டேட் என்றால் சுதேச சமஸ்தானம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘சுதேசமித்திரன்’ என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரி ‘நேட்டிவ் பத்திரிகைகள் பற்றிய அறிக்கை’ என்ற கோப்பில் அதைச் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்புவார். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியபோது ‘சுதேசி’ மார்தட்டும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தில் தலைகுனிய வைத்த அதே பொருள், மொழி மாறியதும் கொடி பிடித்தது.

‘நாட்டு’ என்ற சொல்லும் அப்படித்தான், ஆனால் அதன் மதிப்பு சரக்குக்குச் சரக்கு மாறும். நாட்டுக்கோழி என்றால் விலை கூடுதல், பெருமையும் கூடுதல். நாட்டுச் சர்க்கரை வாங்குகிறவர் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர். நாட்டுச் சாராயமும் நாட்டு வெடிகுண்டும் போலீஸ் கேஸ். எதிர்ப்பக்கம் ‘சீமை’: சீமைக் கருவேலம், சீமை எண்ணெய், சீமைப் பசு. ஒரு காலத்தில் சீமை என்றால் ஒசத்தி. இன்றைக்குச் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க நீதிமன்றம்வரை போகிறோம்.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்கு இன்று இரட்டை வாழ்க்கை. ‘நேட்டிவ் ஆஃப் மதுரை’ என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது, மதுரைக்காரர், அவ்வளவுதான். ஊர்ப் பெயரை வெட்டிவிட்டு வெறுமனே ‘நேட்டிவ்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். தொப்பி போட்ட துரை ஒருவர் வராந்தாவில் நின்று தோட்டத்து ஆட்களைப் பார்ப்பது போலிருக்கும். ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகத் தனியே நிற்கும்போதுதான் வில்லங்கம். வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பாதகமில்லை: நேட்டிவ் மொழி, நேட்டிவ் செடி. மண்ணிலிருந்து கலப்பில்லாமல் உலோகமாகவே கிடைக்கும் தாமிரத்துக்குக் கனிமவியலில் நேட்டிவ் காப்பர் என்று பெயர். இங்கிலாந்தின் கடற்கரை உணவகங்களில் ‘நேட்டிவ்’ கேட்டால் உள்ளூர்ச் சிப்பியைத் தட்டில் வைப்பார்கள்.

சட்டத்தில் இது உரிமைச் சொல்லாக மாறிய இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளையர்கள் வந்தபோது அது யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்று இருநூறு ஆண்டுகளாகச் சாதித்து வந்தார்கள். டாரஸ் நீரிணையில் மெர் என்ற சின்னத் தீவைச் சேர்ந்த எடி மாபோ 1982இல் வழக்குப் போட்டார். தீர்ப்பு வந்தது 1992 ஜூன் 3 அன்று. மாபோ அதே ஆண்டு ஜனவரியில் இறந்திருந்தார். ‘நேட்டிவ் டைட்டில்’, அதாவது பூர்வகுடிகளின் நில உரிமை, வெள்ளையர் வருகையால் தானாக அழிந்துவிடவில்லை என்றது உயர் நீதிமன்றம். அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் சட்டம் வந்தது. மலேசிய அரசமைப்பின் 153ஆவது பிரிவு, மலாய்க்காரர்களோடு சபா, சரவாக் மாநிலங்களின் ‘நேட்டிவ்’களுக்கும் தனிச் சலுகை தருகிறது. நாலைந்து தலைமுறையாக ரப்பர்த் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் உழைத்து அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கிறார்.

பிறப்பைக் குறிக்கும் சொல், பிறந்தவரையே வெளியே நிறுத்துவது தமிழர்களுக்குப் பழகிப்போன அனுபவம். வாஸ்கோ ட காமா 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் கண்ட கரை என்பதால் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரைக்கு ‘நட்டால்’ என்று பெயர் வந்தது. கிறிஸ்துவின் பிறப்பு, அதாவது மறுபடியும் அதே லத்தீன் வேர். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கரும்புத் தோட்டக் கூலிகள். அந்த ஊரில் ‘நேட்டிவ்’ என்றால் கறுப்பின மக்கள். 1913இல் ‘நேட்டிவ்’ நிலச் சட்டம் போட்டு அவர்களை நாட்டின் சுமார் 7 சதவீத நிலத்துக்குள் அடைத்தார்கள். தமிழர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தபோது ‘காலனியில் பிறந்த இந்தியர்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள். பிறப்பின் பெயரைத் தாங்கிய நாட்டில் பிறந்தும் அவர்கள் நேட்டிவ் இல்லை. ஆகியிருந்தாலும் சுகப்பட்டிருக்க மாட்டார்கள்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தால் போதாது, உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் காட்டு என்றது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்படிக் கப்பலேறி வந்தவர்களுக்கு நம் அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. திரும்பியோர்! பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணால் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. நீலகிரியில் அவர்களுக்காகவே உண்டாக்கிய டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஊர்க்காரர்கள் அவர்களைக் கூப்பிட்டது ‘சிலோன்காரங்க’ என்று. அங்கே இருந்தபோது இந்தியாக்காரர், இங்கே வந்தபின் சிலோன்காரர். இவர்களில் ஒருவரிடம் பெரம்பூர் அம்மா “நேட்டிவ் எது?” என்று கேட்டிருந்தால் எந்த ஊரைச் சொல்வார்?

மறுகோடியில் துளசேந்திரபுரம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். கமலா ஹாரிஸின் அம்மாவைப் பெற்ற தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம். ஹாரிஸ் பிறந்தது 1964இல், கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில். ஆனாலும் 2020 தேர்தலின்போது துளசேந்திரபுரத்துக் கோயிலில் அவருக்காக அபிஷேகம், ஊரெங்கும் பேனர், ஜெயித்ததும் வெடி. கோயில் நன்கொடைக் கல்வெட்டில் அவர் பெயரும் இருக்கிறது. அங்கே அமெரிக்காவில் சிலர் அவர் ‘நேச்சுரல் பார்ன்’தானா என்று கேள்வி கிளப்பிக்கொண்டிருந்த அதே வாரங்களில், இங்கே ஊர் அவரைத் தன் பெண்ணாக வரித்துக்கொண்டது. அங்கே பிறந்திருந்தும் சந்தேகம். இங்கே பிறக்காமலே உரிமை.

இதை விளங்கிக்கொள்ள நம் பிரசவ வழக்கத்தைப் பார்க்க வேண்டும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். பாதித் தமிழ்நாடு பிறந்தது தாய்மாமன் ஊரில்தான். ஆகவே ‘பிறந்த ஊர்’ நம்மிடம் ஒரு தகவல், அவ்வளவே. ஆதாரில் எழுதலாம், அடையாளமாகாது. சொந்த ஊர் என்பது தகப்பன் வழி. குலசாமி இருக்கிற இடம், காதுகுத்துக்குப் போகிற இடம், விற்றுத் தின்ற நிலமானாலும் “அந்த மேட்டுக்காடு நம்மளோடதுதான்” என்று கைகாட்டுகிற இடம். பெண்களுக்கு இதிலும் பாதிதான். அவர்களுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு. கல்யாணம் ஆன பெண்ணிடம் நேட்டிவ் கேட்டால் வீட்டுக்காரர் ஊரைச் சொல்லிவிட்டு, “எங்க அம்மா வீடு அந்தப் பக்கம்” என்று தன் ஊரை ஒட்டுப்போடுவார்கள். இந்தச் சுமை முழுவதையும் ஆங்கிலத்தின் ‘நேட்டிவ் பிளேஸ்’ தலையில் ஏற்றினோம். பிறகு ‘பிளேஸ்’ கழன்று விழுந்துவிட்டது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி கிளாம்பாக்கத்தில் நின்று கேட்டால் போதும்: “நேட்டிவ் போறேன் சார்.” லண்டன்காரன் இந்த வாக்கியத்தைக் கேட்டால், பழங்குடியோடு போய்ச் சேரப் போகிறானோ என்று நினைப்பான். ‘கோ நேட்டிவ்’ என்றால் அவர்கள் மொழியில், வந்த இடத்து வழக்கங்களுக்கு மாறிவிட்ட வெள்ளைக்காரன்.

ஐ.டி. கம்பெனிகளில் இது இன்னும் கூத்து. ஆப் எழுதுகிறவர்களுக்கு ‘நேட்டிவ் ஆப்’ என்றால் அந்தந்தப் போனுக்கென்றே எழுதியது. ரியாக்ட் நேட்டிவ், கிளவுட் நேட்டிவ் என்று இன்னும் உண்டு. கொரோனா காலத்தில் என் நண்பன் ஒருவன் ‘வொர்க் ஃப்ரம் நேட்டிவ்’ என்று மெயில் போட்டு மூன்று மாதம் தேனியில் உட்கார்ந்து ரியாக்ட் நேட்டிவில் வேலை பார்த்தான். 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர், கம்ப்யூட்டரோடு வளர்ந்த பிள்ளைகளை ‘டிஜிட்டல் நேட்டிவ்’ என்றும், பெரியவர்களை அங்கே ‘குடியேறியவர்கள்’ என்றும் பிரித்தார். அந்தக் கணக்கில் நானும் வந்தேறிதான்.

‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்ற பட்டம்தான் காசு விஷயம். தென்கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கான ஈ-2 விசா வழக்கமாக ஏழு நாட்டுக்காரர்களுக்கு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. எல்.கே.ஜி. முதல் ஆங்கிலத்திலேயே படித்து, கனவுகூட ஆங்கிலத்தில் காண்கிற சென்னைப் பெண்ணின் வாயில் வருவது இந்தப் பட்டியலில் நேட்டிவ் ஆங்கிலம் ஆகாது. பாஸ்போர்ட்தான் அங்கே நாக்கு.

‘நேட்டிவிட்டி’ விஷயத்தில் நாம் இன்னும் ஒரு படி மேலே. ஆங்கிலத்தில் அது முதன்மையாக இயேசுவின் பிறப்பு. டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகள் மேய்ப்பர் வேஷம் கட்டுவது. தமிழ்நாட்டில் அது தாலுகா ஆபீஸ். வெளிமாநிலத்தில் படித்துவிட்டு இங்கே கவுன்சிலிங்குக்கு வருகிற பிள்ளைக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். விஏஓ, ஆர்ஐ பார்த்து, அதன் பிறகு கையெழுத்து. கோடம்பாக்கத்தில் அதற்கு மூன்றாவது பொருள். மலையாளப் படத்தையோ இந்திப் படத்தையோ ரீமேக் செய்த இயக்குநர் பேட்டியில் தவறாமல் சொல்வார்: “நம்ம நேட்டிவிட்டிக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கோம்.” திருவிழாப் பாட்டு ஒன்று சேர்த்திருப்பார். இந்தப் பொருளை எந்த ஆங்கிலேயரும் கண்டதில்லை; ஆனால் நமக்குத் தெளிவாகப் புரிகிறது. சோதிடர்களும் விடவில்லை. ஆங்கில ஜோதிடத்தில் ஜாதகருக்குப் பெயர் ‘நேட்டிவ்’தான். பொருத்தமும் கச்சிதம். ‘ஜாத’ என்றால் சமஸ்கிருதத்தில் பிறந்த. ஜாதகர் என்றால் பிறந்தவர்.

இதில் ஒற்றுமை பொருளோடு நிற்கவில்லை. லத்தீனில் பிறத்தலைக் குறிக்கும் வினைச்சொல் பழைய உச்சரிப்பில் ககர ஒலியோடு ‘க்னாஸ்கி’ என்று தொடங்கியது. சமஸ்கிருதத்தின் ‘ஜன்’ அதற்கு உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை என்பதில் மொழியியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆக ஜனனம், ஜன்மம், ஜாதகம் எல்லாம் நேட்டிவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஜாதியும்தான்.

பெரம்பூர் அம்மா இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சி எதையும் படித்தவரில்லை. ஆனால் அவர் அடுத்துக் கேட்டது இது: “அங்க எந்தத் தெரு?”

தெருவின் பெயரைச் சொன்னேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பையன் துபாயில் இருப்பதாகவும், அவனைக் கேட்டுவிட்டு போன் பண்ணுவதாகவும் சொல்லி என் நம்பரை வாங்கிக் காலண்டரின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். போன் வரவில்லை.